திரைக்கதையில் ஷாட் எழுதலாமா?

அன்புள்ள அண்ணா,

வணக்கங்க. தாராபுரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் முதல் திரைக்கதையில், பொள்ளாச்சி சந்தையில் அப்பா ஜோடிக் காளைகளை விற்கிற காட்சி ஒன்று வருகிறது. ‘லாங் ஷாட் – சந்தை. மிட் ஷாட் – அப்பா. க்ளோஸப் – துண்டு’ என்று வரிக்கு வரி கேமரா போட்டிருந்தேன். படித்த நண்பர், ‘அது டைரக்டர் வேலைங்க, அடிச்சுருங்க’ என்கிறார். அடித்தால் என் மனதில் ஓடும் படம் போய்விடாதா?

---

அன்புள்ள தம்பிக்கு,

அடித்துவிட்டு அப்படியே விட்டால் போய்விடும். ஷாட் பெயரை எடுத்த இடத்தில் அங்கே தெரிவதை எழுத வேண்டும்.

‘க்ளோஸப் – துண்டு’ என்கிறீர்கள். அந்தத் துண்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லையே! தரகர் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசும் இடம் அது. காட்சியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்:

கேரள நம்பர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன.

அப்பாவின் கை மேல் தரகர் துண்டைப் போடுகிறார்.

துண்டு அசைகிறது. நிற்கிறது.

அப்பா கையை உருவிக்கொள்கிறார்.

ஷாட் பெயர் ஒன்றும் இல்லை. ஆனாலும் முதல் வரி தூரத்தில் விரிகிறது, மூன்றாவது வரி கிட்டே வந்துவிடுகிறது. வரியை உடைத்தால் படிப்பவர் மனதில் அதுவே கட். மாடு எங்கே போகப்போகிறது என்பதையும் அந்த லாரிகளே சொல்லிவிடும், வசனம் வேண்டாம். எத்தனை விரல் பிடித்தார் என்பது துண்டுக்குள் இருக்கிறது. கேமராவுக்குத் தெரியாது, எழுதாதீர்கள். ‘கன்றிலிருந்து வளர்த்தது நினைவுக்கு வந்தது’ என்பது போன்ற வரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அதை எப்படிப் படம் பிடிப்பார்கள்?

யார் பார்க்கிறார் என்பது முக்கியமானால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். ‘டெம்போ பலகை இடுக்கு வழியே மகன் பார்க்கிறான்: அப்பா பணத்தை எண்ணாமல் மடியில் செருகுகிறார்.’ கதைக்காக ஒரு முகத்தை மறைக்க வேண்டுமானால், ‘முகம் தெரிவதில்லை’ என்று நேராகவே சொல்லலாம்.

காட்சி எண், உள்ளா வெளியா, இடம், பகலா இரவா என்ற தலைப்பு வரி அவசியம். படப்பிடிப்பு ஷெட்யூல் போடுவதே அதை வைத்துத்தான். அப்புறம், ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது 12 பாயிண்ட் கூரியர் எழுத்தில் அடிக்கும் ஆங்கிலத் திரைக்கதைக்கான கணக்கு. தமிழ்க் கையெழுத்துப் பிரதியை அதை வைத்து அளக்காதீர்கள்.

ஷாட் டிவிஷனை, அதாவது காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரிப்பதை, டைரக்டரும் கேமராமேனும் லொகேஷன் பார்த்தபின் உட்கார்ந்து போடுவார்கள். சந்தை நாள் நெரிசலில் கேமராவை எங்கே வைக்க முடியும் என்பது அங்கே போய் நின்றால்தான் தெரியும். நீங்களே இயக்கப்போகிறீர்கள் என்றால் ஷாட்டுகளைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள், தயாரிப்பாளர் படிக்கும் பிரதியில் வேண்டாம்.

திருத்திய காட்சியை அனுப்புங்கள், படிக்கிறேன்.