டிகிரியா, டிரெய்லரா? – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

எனக்கு 19 வயது, ஆகஸ்டில் 20 ஆகிறது. மாதவரம் பக்கம் வீடு. பி.காம். இரண்டாம் வருடம் முடித்திருக்கிறேன், நான்கு அரியர் இருக்கிறது. என் தாய்மாமா கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை. சனி, ஞாயிறு இரவுகளில் அவருடன் போவேன். வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, வண்டியில் உட்கார்ந்தால் விடியும்வரை வருவதில்லை. மாமாவின் ஓனர், "இப்பவே கிளீனரா வந்துடு, ஒரு வருஷத்துல வண்டியைக் கையில குடுத்துடறேன்" என்கிறார். இந்த ஜனவரியில்தான் கார் லைசன்ஸ் எடுத்தேன். அண்ணன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான், அதைச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. மூன்றாம் வருட ஃபீஸ் கட்டுவதற்குள் முடிவெடுக்க வேண்டும். படிப்பை விட்டுவிடலாமா?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

விடாதீர்கள். ஆனால் உங்கள் அப்பா சொல்லும் காரணத்துக்காக இல்லை. டிகிரி இருந்தால் வேலை கிடைத்துவிடும் என்று உங்களிடம் சொன்னால், அண்ணனைக் காட்டி என் வாயை அடைத்துவிடுவீர்கள், அது நியாயமும்கூட. லாரி ஓட்டுவது படிப்பு ஏறாதவன் வேலை என்றும் சொல்ல மாட்டேன். ஐம்பத்தைந்து டன் வண்டியை மழையில் மணலி ரோட்டில் பின்னால் எடுத்து நிறுத்துகிறவருக்கு உள்ள நிதானம் அலுவலகத்தில் இருக்கும் நிறைய பேருக்குக் கிடையாது.

ஓனர் சொன்ன அந்த ஒரு வருஷக் கணக்கைப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டப்படி 20 வயது ஆகாமல் வாடகை வண்டி, சரக்கு வண்டி எதையும் ரோட்டில் ஓட்டக் கூடாது. கார் லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகாமல் ஹெவி லைசன்ஸுக்கு எல்.எல்.ஆர். என்ற பழகுநர் லைசன்ஸ்கூடப் போட முடியாது. நீங்கள் ஜனவரியில் எடுத்தீர்கள், அதனால் அடுத்த ஜனவரிதான். எல்.எல்.ஆர். போட்டு, ஒரு மாதம் பொறுத்து, டிரைவிங் ஸ்கூல் சர்டிபிகேட் வாங்கி, டெஸ்ட் கொடுத்து முடிக்கும்போது உங்கள் கடைசி செமஸ்டர் பரீட்சையும் வந்திருக்கும். அதாவது, இன்றைக்கே கல்லூரியை விட்டாலும் சட்டப்படி ஸ்டியரிங் கைக்கு வரும் நாள் ஒரு நாள்கூட முன்னால் வராது. இடைப்பட்ட இந்த மாதங்களில் உங்களுக்குக் கிடைக்கப்போவது கிளீனர் சீட் மட்டும்.

அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு டிரைவர் கண் சொருகும்போது, "தம்பி, டோல் வரைக்கும் கொஞ்சம் பிடி" என்பார். உங்களுக்கும் கை அரிக்கும். அந்தக் கொஞ்ச தூரத்தில் ஏதாவது ஆனால் லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும், ஓனர் தன் பாட்டைப் பார்ப்பார், கேஸ் உங்கள் பேரில் வரும். பழைய ஐ.பி.சி.யில் அஜாக்கிரதையால் உயிர் போனால் 2 ஆண்டுவரை தண்டனை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 5 ஆண்டுவரை.

வண்டியில் தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் வார இறுதியில் மாமாவோடு போகிறவர் பார்ப்பது ஓட்டத்தை. அந்தத் தொழிலின் பெரும் பகுதி நிற்பது. துறைமுக கேட்டுக்கு முன்னால் வரிசை, உள்ளே போனால் கண்டெய்னர் பாக்ஸ் ஏற்ற வரிசை, பேப்பரில் ஒரு நம்பர் தப்பாக இருந்தால் புரோக்கர் போனை எடுக்கும்வரை ஓரங்கட்டு. ஒரகடத்தில் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் செக்யூரிட்டி போனை வாங்கி வைத்துக்கொண்டு, "கூப்பிடறோம், வெளியே நில்லு" என்பார், நிழலும் இருக்காது, கக்கூசும் இருக்காது. நகரத்துக்குள் போக வேண்டிய லோடு என்றால் பகலில் ஹெவி வண்டிக்குத் தடை, இருட்டும்வரை எங்காவது ஒதுங்க வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று சம்பளமும் பேட்டாவும் வாங்குகிறவருக்கு இப்படி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் சொந்தக் காசு. 1961-இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டு, நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்தார்கள். அந்த 8 மணி நேரம் கேட்டில் நிற்கவே போதாது. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் பெரிய லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்பது நல்ல செய்திதான், உங்கள் கைக்கு முதலில் வரப்போவது பழைய வண்டி என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அதனால் செமஸ்டர் லீவில் ஒரு காரியம் செய்யுங்கள். மாமாவை விட்டுவிட்டு, உங்களுக்குச் செல்லம் கொடுக்காத வேறொரு டிரைவரோடு நெல்லூர், விஜயவாடா தாண்டிப் போகிற லைன் வண்டியில் ஒரு முழு நடை போய்விட்டு வாருங்கள். தார்ப்பாய் கட்டுங்கள், டயர் தட்டிப் பாருங்கள், டீசல் திருட்டுக்குப் பயந்து அரைத் தூக்கம் தூங்குங்கள், ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் ஏதோ ஓர் ஊரில் நாள் கணக்கில் கிடங்கள். திரும்பி வந்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால் அது உண்மையான ஆசை, நானே உங்கள் அப்பாவிடம் பேசுகிறேன்.

அப்புறம் அந்த பி.காம். காலம் முழுக்க அடுத்தவர் வண்டியை ஓட்டுகிறேன் என்று எந்த டிரைவரும் சொல்லிக் கேட்டதில்லை, எல்லோருக்கும் சொந்த வண்டி கனவு. செகண்ட் ஹேண்டில் ஒரு டாரஸ் லாரியை ஃபைனான்ஸில் எடுப்பார்கள். ஓட்டத் தெரியாமல் வண்டியை இழந்தவர்கள் குறைவு, கணக்குத் தெரியாமல் இழந்தவர்கள்தான் அதிகம். கையில் வாடகை வந்ததும் லாபம் என்று நினைத்துவிடுவார்கள், ஆறு டயர் ஒன்றாகத் தேயும் மாதத்தில்தான், அதோடு எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் இன்சூரன்ஸும் காலாண்டு வரியும் சேர்ந்து வரும்போதுதான் விஷயம் புரியும், அதற்குள் இரண்டு கடன் தவணை கட்டாமல் நின்றிருக்கும். இ-வே பில் என்று சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. ஆவணம் ஒன்று இருக்கிறது, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள். வழியில் பிரேக் டவுன் ஆகி அது காலாவதியானால் யார் நீட்டிப்பது, எப்போதைக்குள் நீட்டிப்பது என்று தெரியாதவர் அபராதத்தில் மாட்டுவார். பத்து வண்டிவரை வைத்திருப்பவருக்கு, வண்டியின் எடையை வைத்தே வருமானத்தைக் கணக்கிட்டு வரி கட்டும் வழி வருமான வரிச் சட்டத்தில் உண்டு, அது தெரிந்த டிரைவர்கள் எத்தனை பேர்? உங்கள் மாமாவின் ஓனர் இதையெல்லாம் பார்க்க பி.காம். படித்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார் என்று பந்தயமே கட்டுவேன். அந்த நான்கு அரியரில் காஸ்ட் அக்கவுண்டிங் இருந்தால், புத்தகத்தில் வரும் கம்பெனியை எடுத்துவிட்டு மாமாவின் டிரெய்லரைப் போட்டுப் பாருங்கள். டீசலும் பேட்டாவும் டோலும் ஓடினால்தான் செலவு, இ.எம்.ஐ.யும் இன்சூரன்ஸும் நின்றாலும் செலவு, தேய்மானத்துக்கு யாரும் பில் அனுப்ப மாட்டார்கள். தூக்கம் வராது.

ஆகஸ்டுக்குப் பிறகு கை சும்மா இருக்க முடியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டி யானை ஓட்டுங்கள். 7,500 கிலோவுக்குக் கீழே உள்ள சரக்கு வண்டியை கார் லைசன்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஹெவிக்கு நேரம் வரும்போது, கிளீனர் சீட்டிலிருந்து பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கும்மிடிப்பூண்டியில் ஐ.ஆர்.டி. என்ற சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சி மையம் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து அதே கொல்கத்தா ரோடுதான். வீட்டில் பணத்துக்கு நிஜமாகவே வழியில்லாமல் போனால் மட்டும் அஞ்சல் வழியை யோசியுங்கள். இக்னோவில் மூன்று வருடப் படிப்பை முடிக்க ஆறு வருடம்வரை தருகிறார்கள், சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. கேபினில் படித்துப் பரீட்சை எழுதுவேன் என்று கிளம்பி முடித்தவர்கள் உண்டு, ரொம்பக் கொஞ்சம்.

ஓனரிடம், "பரீட்சை முடிஞ்சு, ஹெவி லைசன்ஸோட அடுத்த மே மாசம் வர்றேன், வண்டி தருவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால் நல்ல மனிதர், விட்டுவிடாதீர்கள். இப்போது வந்தால்தான் உண்டு என்றால் அவருக்குத் தேவை குறைந்த சம்பளத்துக்கு ஒரு கிளீனர், நீங்கள் போகாவிட்டால் வேறு பையன் வருவான். அப்பாவிடம் லாரியா படிப்பா என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். ஃபீஸ் கட்டச் சொல்லுங்கள், ஜனவரியில் எல்.எல்.ஆர். போடப்போவதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், பின்னால் தெரிந்தால்தான் சண்டை பெரிதாகும். ஃபீஸ் கட்டியதும், அந்த நான்கு பேப்பர் எவை என்று எனக்கு எழுதுங்கள்.