திரும்பி வந்த ராக்கெட் மறுபடி எத்தனை நாளில் லோடு ஏற்றும்?

கேள்வி: தனியார் நிறுவனங்களும் மறுபடி பயன்படுத்தும் ராக்கெட்டுகளும் விண்வெளி ஆய்வை எப்படி மாற்றும்? இந்தியா இதில் பின்தங்கிவிட்டதா?

நான் ஓசூரில் ஒரு சிஎன்சி பட்டறையில் தர ஆய்வாளர். ராக்கெட் என் தொழில் இல்லை. ஆனால் பத்து வருடமாக விடாமல் பின்தொடர்கிற விஷயம் இது. இதில் நான் கேட்டதிலேயே சரியான கேள்வியைக் கேட்டவர் எங்கள் அப்பா. பாலக்கோட்டிலிருந்து கோயம்பேட்டுக்குத் தக்காளி லோடு அடித்தவர். சொந்த வண்டி, ஒரே வண்டி.

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அமெரிக்கத் தனியார் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் கீழ்ப்பகுதியான பூஸ்டர், டெக்சாஸில் தான் கிளம்பிய கோபுரத்துக்கே திரும்பி வந்து இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனை அப்பாவிடம் நீட்டினேன். முழுதாகப் பார்த்துவிட்டு, "சரி கண்ணு, வண்டி வந்துருச்சு. மறுபடி எத்தனை நாள்ல லோடு ஏத்துவாங்க?" என்றார்.

மொத்த விவாதமும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது. வண்டி திரும்பி வந்தும் பட்டறையிலேயே நின்றால் வாடகையில் என்ன மிஞ்சும்?

அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் 1981-லிருந்து 2011 வரை பறந்தது. அதுவும் திரும்பி வந்த வண்டிதான். வருடத்துக்கு ஐம்பது தடவைக்கு மேல் பறக்கும் என்று சொல்லித்தான் திட்டமே தொடங்கியது. அதிகபட்சமாகப் பறந்தது 1985-இல் ஒன்பது தடவை. முப்பது வருடத்தில் மொத்தம் 135. ஒவ்வொரு முறை தரையிறங்கிய பிறகும் வெப்பம் தாங்கும் ஓடுகளை, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, ஆள் வைத்துச் சரிபார்த்தார்கள். முதன்மை இன்ஜின்களைக் கழற்றி ஆய்வு செய்தார்கள். ஒரே ஷட்டில் இரண்டு பயணங்களுக்கு நடுவே எடுத்துக்கொண்ட மிகக் குறைந்த இடைவெளி 54 நாள். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் இன்ஜினை இறக்குகிற லாரியை எந்த ஓனரும் வைத்திருக்க மாட்டார்.

ஸ்பேஸ்எக்ஸின் இன்னொரு ராக்கெட்டான ஃபால்கன் 9 வித்தியாசப்படுவது இங்கேதான். 2015 டிசம்பரில் முதல் முறையாக அதன் பூஸ்டர் செங்குத்தாகத் தரையிறங்கியது. அந்த பூஸ்டர் மறுபடி பறக்கவே இல்லை, காட்சிக்கு நிறுத்திவிட்டார்கள். 2016 ஏப்ரலில் கடலில் மிதக்கும் தளத்தில் இறங்கிய இன்னொன்று 2017 மார்ச்சில் மறுபடி கிளம்பியது. ஏறக்குறைய ஒரு வருட இடைவெளி. 2025 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள்: நாசாவின் ஸ்ஃபியரெக்ஸ் தொலைநோக்கியை ஏற்றிவிட்டு வந்த பூஸ்டர், ஒன்பதே நாளில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளோடு மறுபடி மேலே போனது. ஒரு வருடம் ஒன்பது நாளானதுதான் உண்மையான சாதனை என்பேன். இறங்கும் காட்சி அழகு, ஆனால் அது பாதி வேலை.

இறங்குவதும் லேசுப்பட்டதில்லை. கிளம்பி இரண்டரை நிமிடத்தில் மேல்பகுதியை விட்டுவிட்டு, பூஸ்டர் நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சித் திரும்புகிறது. காற்று அடர்த்தியாகும் முன் மூன்று இன்ஜின்களை எரித்து வேகத்தைக் குறைக்கிறது. பிறகு சல்லடை போன்ற நான்கு டைட்டானியம் இறக்கைகள் திசை திருப்புகின்றன. கடைசியில் பெரும்பாலும் ஒரே இன்ஜின். சிக்கல் என்னவென்றால், காலியான பூஸ்டரின் எடையைவிட அந்த ஒற்றை இன்ஜினின் மிகக் குறைந்த உந்துவிசையே அதிகம். அந்தரத்தில் நின்று நிதானிக்க முடியாது. வேகம் பூஜ்யமாகும் நொடியும் தரை தொடும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் மறுபடி மேலே ஏற ஆரம்பித்துவிடும், பிந்தினால் மோதும். தொப்பூர் கணவாயில் லோடு வண்டியை இறக்கிய டிரைவர்களிடம் இதை விளக்கிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

இதற்கு விலை உண்டு. திரும்பி வர எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டும், கால்களைச் சுமக்க வேண்டும். புவிநிலைச் சுற்றுப்பாதைக்குப் போகும் செயற்கைக்கோளை வழியிலுள்ள இடைநிலைப் பாதையில் விடும்போது, பூஸ்டரைக் கைவிட்டால் ஃபால்கன் 9 தூக்குவது 8,300 கிலோ. திரும்பக் கொண்டுவந்தால் 5,500 கிலோ. மூன்றில் ஒரு பங்கு லோடு போய்விடுகிறது. அந்த நஷ்டத்தை அடிக்கடி ஓடித்தான் ஈடுகட்ட முடியும். 2024-இல் ஃபால்கன் 130 தடவைக்கு மேல் பறந்தது. அவற்றில் பெரும்பான்மை ஏற்றியது ஸ்பேஸ்எக்ஸின் சொந்த லோடு, இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவரே லாரியும் வைத்திருப்பதைப் போல. வண்டிக்கு லோடு தேடி புக்கிங் ஆபீஸ் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி ஆய்வுக்கு வருவோம். வியாழனின் நிலவான யூரோப்பாவை ஆராயப் போகும் கிளிப்பர் கலம் 2024 அக்டோபர் 14-இல், மூன்று பூஸ்டர்களைச் சேர்த்துக் கட்டிய ஃபால்கன் ஹெவி ராக்கெட்டில் கிளம்பியது. அந்தப் பயணத்தில் மூன்றில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவ்வளவு தூரம் அனுப்ப எரிபொருள் முழுவதும் தேவைப்பட்டது. ஆனால் பக்கவாட்டு பூஸ்டர்கள் இரண்டும் அதற்கு முன் ஐந்து தடவை ஓடியவை, ஆறாவதுதான் கடைசி ட்ரிப். நாசாவின் அரசு ராக்கெட்டில் போயிருந்தால் பல மடங்கு ஆகியிருக்கும் செலவு, சுமார் 17.8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் முடிந்தது. தனியார் சரக்கு வியாபாரம் ஆய்வுக்கு உதவுவது இப்படித்தான்.

ஆனால் யூரோப்பாவுக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தது நாசா, பணம் கொடுத்தது அரசு. அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு ஏறும் பேருந்தை அரசுதான் ஓட்டுகிறது, லாப நஷ்டம் பார்க்கிற முதலாளி அந்த ரூட்டைக் கேட்க மாட்டார். வியாழனும் அப்படியொரு ரூட். தனியாரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள், அரசு ஒதுங்கிவிடலாம் என்று இங்கே சிலர் எழுதுவதை நான் முழுமையாக மறுக்கிறேன்.

இன்னொரு கவலையும் உண்டு. ஊரிலுள்ள வண்டியெல்லாம் ஒரே ஆளிடம் இருந்தால் வாடகையை அவர்தான் தீர்மானிப்பார். அதனால்தான் 2025 நவம்பரில் இன்னொரு அமெரிக்கத் தனியார் நிறுவனமான ப்ளூ ஆரிஜினின் நியூ கிளென் ராக்கெட், நாசாவின் இரண்டு செவ்வாய் கலங்களை அனுப்பிவிட்டு பூஸ்டரையும் கடலில் நின்ற கப்பல் மேல் இறக்கியபோது அவ்வளவு மகிழ்ந்தேன்.

இந்தியா பின்தங்கிவிட்டதா? மறுபயன்பாட்டில், ஆமாம். இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் முதல் கட்டம் திட எரிபொருள். பற்றவைத்தால் முழுதாக எரிந்துதான் அணையும், நடுவில் குறைக்கவோ மறுபடி பற்றவைக்கவோ முடியாது. அதை ஃபால்கன் போல இன்ஜினை எரித்துத் தரையிறக்க இயலாது. புது ராக்கெட்டே வேண்டும். முதல் கட்டம் திரும்பி வரக்கூடிய, 30 டன் தூக்கும் ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. இஸ்ரோ சோதிக்கும், இறக்கை வைத்த புஷ்பக் விமானம் நமக்குப் பக்கத்துக் கர்நாடகத்தில், சித்ரதுர்கா மாவட்டத்தில், மூன்று முறை தானாகவே ஓடுபாதையில் இறங்கிவிட்டது. சென்னை அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30-இல் 3டி பிரிண்டிங்கில் ஒரே துண்டாக அச்சிட்ட இன்ஜினைப் பறக்கவிட்டது. மைக்ரான் கணக்கில் தினம் மல்லுக்கட்டுகிற எனக்கு, அந்த இன்ஜினில் மூட்டுகளே இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

என் கவலை லோடு பற்றியது. 2024-இல் இஸ்ரோ ஏவியது ஐந்தே ஐந்து. வருடத்துக்கு ஐந்து ட்ரிப் என்றால் திரும்பி வரும் வண்டி ஷெட்டில்தான் நிற்கும். அதே நேரத்தில் நம் லோடு வெளியே போகிறது. 4,700 கிலோ ஜிசாட்-என்2 செயற்கைக்கோள், நம் பெரிய ராக்கெட்டான எல்விஎம்3-க்கே அதிக எடை என்பதால் ஃப்ளோரிடாவில் ஃபால்கன் 9-இல் ஏறியது. ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கும் பெங்களூரு பிக்செல் நிறுவனம் 2025 ஜனவரியில் தன் மூன்று செயற்கைக்கோள்களை கலிஃபோர்னியாவில் ஏற்றியது. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் எழுந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து இலங்கையைச் சுற்றாமல் நேரே தெற்கே போகலாம். நம் பக்கத்துத் தனியார் லோடு அங்கே வந்து ஏறுகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒன்பது நாள் செய்தி வந்த அன்று அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "இன்ஜின இறக்காமயா?" என்று மட்டும் கேட்டார்.