மதியத்தில் மட்டும் ரவுட்டரின் வெப்பநிலை கிராஃப் அறுந்துபோவது ஏன்?

கேக்டியில் (நெட்வொர்க் கருவிகளின் அளவுகளைக் கிராஃப்பாகக் காட்டும் மென்பொருள்) மைக்ரோடிக் நிறுவன ரவுட்டரின் வெப்பநிலைக் கோடு இரவெல்லாம் ஒழுங்காக வருகிறது, மதியம் 12 முதல் 4 மணிவரை காணவில்லை, வெயிலில் ரவுட்டர் ஹேங் ஆகிவிடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அதே நேரத்து டிராஃபிக் கிராஃப்பைத் திறந்து பாருங்கள். அதிலும் இடைவெளி இருந்தால் எஸ்என்எம்பி (சர்வர் ரவுட்டரிடம் அளவுகளைக் கேட்டு வாங்கும் முறை) பதிலே வரவில்லை. டைம்அவுட், லிங்க், சிபியு என்று அந்தப் பக்கம் தேடுங்கள். டிராஃபிக் கோடு அறுபடாமல் இருந்தால் ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. வந்த பதிலை நம் சர்வர்தான் தூக்கிப் போடுகிறது.

எனக்கு இது நடந்திருக்கிறது. மொட்டைமாடி அறையில் இருந்த ரவுட்டர். மதியம் 2:10க்கு எஸ்என்எம்பி கெட் அடித்தேன், 517 என்று வந்தது. கேக்டி அளவுகளைச் சேமிக்கும் ஆர்ஆர்டி ஃபைலில் அதே நேரத்துக்கு என்ன பதிந்திருக்கிறது என்று ஃபெட்ச் போட்டால் என்ஏஎன், அதாவது எண் இல்லை. மைக்ரோடிக் வெப்பநிலையைப் பத்தால் பெருக்கித்தான் தரும். 517 என்றால் 51.7 டிகிரி. ஃபைலின் இன்ஃபோவைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது: மேக்ஸிமம் 500 என்று இருந்தது. இந்த ஃபைலில் அளவுகளைப் பதியும் ஆர்ஆர்டிடூல் அந்த அளவைத் தாண்டிய எண்ணை 500 என்று குறைத்துப் பதியாது. தெரியாத மதிப்பு என்று விட்டுவிடும். 50 டிகிரியைத் தாண்டிய ஒவ்வொரு அளவும் அப்படியே போய்விட்டது.

இதில் பயப்பட வேண்டியது இடைவெளி அல்ல, இடைவெளி தெரியாமல் போவதுதான். ஆண்டு கிராஃப்பில் ஒரு புள்ளி என்பது ஒரு நாளின் சராசரி. 5 நிமிடத்துக்கு ஒன்றாக 288 அளவுகள். அவற்றில் பாதிவரை காணாமல் போனாலும் மீதியை வைத்துக் கோடு போட்டுவிடும். நாலு மணி நேரம் என்றால் 48 அளவுகள்தானே போகின்றன. ஆகவே ஆண்டுக் கோடு அறுபடாமல், 50க்குக் கீழேயே, உண்மையைவிடக் குளிர்ச்சியாக ஓடும். மாதாமாதம் ரிப்போர்ட்டில் நான் அதைத்தான் ஒட்டிக்கொடுத்திருக்கிறேன். 55 டிகிரிக்கு வைத்திருந்த அலர்ட்டும் ஒருநாள்கூட அடிக்கவில்லை. என்ஏஎன் 55ஐவிடப் பெரிதா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

கேக்டியின் டேட்டா டெம்ப்ளேட்டில் (ஃபைல்களை உருவாக்கும் மாதிரி) மேக்ஸிமத்தை மாற்றினால் மட்டும் போதாது. அது இனிமேல் உருவாகும் ஃபைல்களுக்குத்தான். இருக்கிற ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, ஆர்ஆர்டிடூல் ட்யூன் கட்டளையால் மேக்ஸிமத்தை 1000 ஆக்குங்கள். போன அளவுகள் திரும்பி வராது. அதே டெம்ப்ளேட்டில் உருவான மற்ற ரவுட்டர்களின் ஃபைல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். எங்களிடம் இன்னும் மூன்று இருந்தன.

ட்யூன் செய்த மறுநாள் மதியம் கோடு அறுபடாமல் ஏறி 58.3இல் போய் நின்றது. அன்று சாயங்காலமே அந்த அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினோம்.