தகரச் சுவரில் தெர்மாகோல் ஒட்டலாமா?

மொட்டை மாடித் தகர ஷெட்டை மகனுக்குப் படிக்கும் அறையாக மாற்றுகிறீர்கள், மேற்குச் சுவர் சாயங்காலம் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது, உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. சூட்டைத் தடுக்கும்தான், ஆனால் தீப்பற்றினால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். பிள்ளை உட்காரும் அறை.

எங்கள் ஷெட்டில் நான் செய்தது: தகரத்துக்கு உள்ளே இரண்டு அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம், சட்டங்களுக்கு நடுவில் 50 மி.மீ. ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு), மேலே 8 மி.மீ. சிமென்ட் போர்டு. ராக்வுல் எரியாது. வெட்டும்போது முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் கட்டாயம். நான் பனியனோடு நின்று வெட்டிவிட்டு ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு கிடந்தேன்.

கடையில் பளபளக்கும் அலுமினியத் தாளைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதன் பளபளப்புப் பக்கத்தில் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் பலன். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால் வெறும் தாள்தான்.

ஏசி போடுவீர்கள் என்றால், தகர இணைப்புகளையும் ஆணித் துளைகளையும் முதலில் சிலிக்கான் வைத்து அடையுங்கள். இல்லாவிட்டால் வெளி ஈரக்காற்று புகுந்து, குளிர்ந்த போர்டின் முதுகில் வியர்க்கும். குளிர்நாட்டு வீடியோவைப் பார்த்து உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் விரித்துவிடாதீர்கள். நம் ஊரில் ஈரம் அதற்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும்.

அப்புறம், கூரை? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. உச்சி வெயில் இறங்குவது அந்த வழியாகத்தான். முதலில் அதற்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடியுங்கள், பிறகு மேற்குச் சுவருக்கு வாருங்கள்.