கோட்டும் தொப்பியும் இல்லாமல் ஒருவரைத் துப்பறிவாளராகக் காட்ட முடியுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் குறும்படம் எடுக்கிறோம், துப்பறிவாளருக்கு நீளக் கோட்டும் தொப்பியும் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. அந்தக் கோட்டு முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் மழைக்கும் குளிருக்கும் போட்டது. 1940களின் ஹாலிவுட் குற்றப் படங்கள்தான் அதைத் துப்பறிவாளரின் அடையாளமாக்கின. நம் ஊர் வெயிலில் அது ஒட்டாது. கசங்கிய அரைக்கைச் சட்டை, பையில் சின்ன நோட்டு, தோட்டத்துச் செம்மண் அப்பிய சப்பாத்து போதும்.

மற்றதை ஒளி பார்த்துக்கொள்ளும். ஒரே விளக்கை முகத்துக்குப் பக்கவாட்டில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். மறுபக்கம் விளக்கு வேண்டாம். பாதி முகம் இருண்டுவிடும். அவர் என்ன நினைக்கிறார் என்பது பார்ப்பவருக்குப் பிடிபடாது. எனக்கு மிகவும் பிடித்தது பட்டைப் பட்டையாக விழும் நிழல். பழைய கடைவீட்டு மரச் சன்னலின் சாய்பலகைகள் வழியாக வெளியிலிருந்து விளக்கடியுங்கள். விளக்கு தள்ளி இருந்தால் கோடுகள் கூர்மையாக விழும்.

1954இல் வந்த 'அந்த நாள்' படத்தை அவசியம் பாருங்கள். பாட்டே இல்லாத தமிழ்ப் படம். விசாரணைக் காட்சிகளில் நிழலைக் கவனியுங்கள்.

போனில் எடுப்பதானால் வெளிச்ச அளவை நீங்களே பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் போன் அந்த இருட்டையெல்லாம் வெளுக்க வைத்துவிடும்.