பணம் கொடுக்கப் போவது யார்?

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, சமச்சீர் பாடத்திட்டத்தில் 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை கணக்குப் பாடத்துக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்திருக்கிறோம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் உண்டு. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள், ஒருவரும் வாங்கவில்லை. தமிழ்நாட்டில் இத்தனை லட்சம் மாணவர்கள் இருக்கிறார்களே! நாங்கள் பள்ளிகளிடம் போவதா, பெற்றோரிடம் போவதா? - ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இத்தனை லட்சம் மாணவர்கள் என்கிறீர்கள், சரி, அதில் எத்தனை பேர் கையில் காசு இருக்கிறது? மாணவன் பயன்படுத்துவான், வாங்குவது வேறொருவர், வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது சில நேரம் மூன்றாவது ஆள். இந்த மூவரும் யார் யார் என்று ஒவ்வொரு இடத்திலும் பார்த்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

அரசுப் பள்ளிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பாடப்புத்தகத்திலேயே கியூஆர் கோடு இருக்கிறது, 2019-லிருந்து கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, எல்லாமே இலவசம். பெரிய கொள்முதல் என்றால் டெண்டர்தான், அதில் கேட்கிற ஆண்டு வருமானமும் முன் அனுபவமும் மூன்று பேர் கம்பெனியிடம் இருக்காது.

மெட்ரிக் பள்ளியில் தலைமை ஆசிரியருக்குப் பிடிக்கும், கணக்கு ஆசிரியர் இது நமக்கு இன்னொரு வேலையா என்று பயப்படுவார், கையெழுத்துப் போடுவது தாளாளர். அங்கே கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குழுதான் நிர்ணயிக்கிறது, அதனால் இந்தச் செலவைப் பெற்றோர் தலையில் கட்ட முடியுமா என்பதுதான் அவருடைய முதல் கணக்கு. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பே எதை வாங்குவது என்று பெரும்பாலும் முடிவாகிவிடும். நீங்கள் ஆகஸ்டில் போய் நின்றால் டீ கொடுத்து, "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" என்பார். அதை நம்பி எக்செல் ஷீட்டில் வருமானமாக ஏற்றிவிடாதீர்கள்.

பெற்றோர் ட்யூஷனுக்குக் கேட்காமலே பணம் கட்டுவார்கள், ஆப்புக்குக் கட்ட யோசிப்பார்கள். பல வீடுகளில் நல்ல போன் அப்பாவுடன் வேலைக்குப் போய்விடுகிறது, அவர் திரும்பும் நேரத்தில் பிள்ளை ட்யூஷனில் இருக்கிறான். போதாக்குறைக்கு, ஆன்லைனில் பாடம் விற்ற பைஜூஸ் கம்பெனியின் கதை வேறு. பெற்றோரைக் கடன் வாங்க வைத்து விற்றதாகப் புகார் வந்து, 2022-ல் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்தின் தலைவருக்கு சம்மன் அனுப்பியது. அவ்வளவு முதலீடு வைத்திருந்தவர்களே வீடு வீடாக விற்கப் போய் அங்கே வந்து நின்றார்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் ஆள் தெருமுனையில் ட்யூஷன் சென்டர் நடத்துகிறவர்தான். பாடம் எடுப்பது, பணம் கொடுப்பது, முடிவு செய்வது மூன்றும் ஒரே ஆள், பிடித்திருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவார். அவருக்கு அனிமேஷன் வேண்டாம், பாடம் அவரே எடுத்துக்கொள்வார். வாராவாரம் ஸ்லிப் டெஸ்ட்டுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பதும், நாற்பது பேர் பேப்பரைத் திருத்துவதும், "என் பையன் எப்படி சார் படிக்கிறான்" என்று கேட்கிற அம்மாவுக்குப் பதில் சொல்வதும்தான் அவருடைய தலைவலி. புக் பேக் கணக்கில் எண்களை மட்டும் மாற்றிப் புதுத்தாள் எடுத்துக் கொடுக்கிற பகுதி உங்களிடம் இருந்தால் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

அதிலும் ஐந்து வகுப்பு வேண்டாம். பத்தாம் வகுப்பு மட்டும். பொதுத்தேர்வு பயம் இருக்கிற இடத்தில்தான் பணம் கைமாறும், ஆறாம் வகுப்புக் கணக்குக்கு யாரும் அவசரப்படுவதில்லை. மொழி விஷயத்தில் ஒன்று: ஆங்கில மீடியத்தில் படித்துக்கொண்டு விளக்கத்தைத் தமிழில் கேட்கிற பிள்ளைகள் இந்த சென்டர்களில் நிறைய. கேள்வி ஆங்கிலத்தில், படிப்படியான விளக்கம் தமிழில் என்று ஒரு அமைப்பு உங்களால் செய்ய முடியும், பெரிய கம்பெனிகளுக்கு இவ்வளவு சின்ன இடத்தில் அக்கறை கிடையாது.

இது என் ஊகம்தான், ஈரோட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பத்து சென்டருக்குப் போங்கள், லேப்டாப்பை உடனே திறக்காதீர்கள். இப்போது கேள்வித்தாள் எப்படி எடுக்கிறீர்கள், டைப்பிங்குக்கும் ஜெராக்ஸுக்கும் மாதம் என்ன ஆகிறது என்று கேளுங்கள். அப்புறம் டெமோ காட்டி, ஐந்நூறு ரூபாயாவது அட்வான்ஸ் கேளுங்கள். "சூப்பர் சார்" என்று சொல்லிப் பணம் எடுக்காதவரைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள், பணம் கொடுத்தவர்களிடம் என்ன பொதுவாக இருக்கிறது என்று பாருங்கள், சந்தை அங்கே இருக்கிறது. (அரசுப் பள்ளி ஆசிரியர் சத்தமில்லாமல் நடத்துகிற ட்யூஷன் வேண்டாம். அவர்களுக்குத் தனி ட்யூஷன் எடுக்கத் தடை இருக்கிறது, பில் என்றாலே ஓடிவிடுவார்கள்.)

குறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சென்டரில் கிடைக்கிற தொகை சின்னது, பொதுத்தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்பு பேட்ச் காலியாகிவிடும். அதனால் மாதச் சந்தா வைக்காமல் ஜூனில் தொடங்கி மார்ச் வரைக்கும் ஒரே தொகையாகப் பேசுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைச் சேமிக்க, 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோர் சம்மதம் கேட்கிறது, சென்டர் சேர்க்கைப் படிவத்திலேயே அதற்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.