பிரிக்பீல்ட்ஸ்ல வீடு எடுக்கலாமானு கேட்ட தம்பிக்கு

தம்பி, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் ஃபேக்டரில இருந்து கோலாலம்பூர்ல கேஎல் சென்ட்ரல் ரயில் ஸ்டேஷன்கிட்ட இருக்கற ஆபீஸுக்கு மாத்துறாங்க, பக்கத்துலயே பிரிக்பீல்ட்ஸ்ல கோண்டோ (நீச்சல் குளம், ஜிம்மோட வர்ற அடுக்குமாடி வீடு) எடுத்து வீட்டுக்காரம்மாவையும் புள்ளையையும் ஊர்ல இருந்து கூட்டிக்கலாமா, கட்டுப்படியாகுமானு கேட்டிருந்தீங்க. நான் இங்க வேலைக்கு வந்து, இங்கயே கல்யாணம் கட்டி இந்தத் தோட்டத்து ஊர்லயே தங்கிட்டவன், ஆனா மச்சினன் குடும்பம் பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கறதால போயி தங்கிட்டு வர்ற ஆளு, அதனால தெரிஞ்சத சொல்றேன்.

பிரிக்பீல்ட்ஸ் ஒரே இடம் இல்ல தம்பி. பழைய ரயில்வே யார்டு இருந்த நெலத்துல 2001ல கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் வந்துச்சு, அப்புறம் சுத்தி ஓட்டல், ஆபீஸு, கண்ணாடிக் கட்டடம், 2014ல நு சென்ட்ரல் மால்னு எழும்பினது ஒரு பக்கம். ரோட்டத் தாண்டினா ஜாலான் துன் சம்பந்தன், ஸ்காட் ரோடு, பூக்கடை, மளிகை, வாழையிலச் சாப்பாடு, கந்தசாமி கோயில், அது வேற ஒலகம். (மஇகா தலைவரா, மந்திரியா இருந்த துன் சம்பந்தன் நம்ம சுங்கை சிப்புட்காரர்தான், இங்க பெருசுங்ககிட்ட அவர் பேர எடுத்தா அரைநாள் போயிரும்.) 2010ல அப்ப இந்தியப் பிரதமரா இருந்த மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியானு திறந்து வெச்சாரு. ரயில்வே ஆளுங்க குடியிருந்த பழைய குவார்ட்டர்ஸ இடிச்சதுல எனக்கு இன்னும் வருத்தம்தான், சரி அது கிடக்கட்டும்.

நீங்க வாடகை குடுக்கப் போறது கண்ணாடிப் பக்கத்துக்கு, ஆனா தினமும் போயி நிக்கப் போறது பழைய பக்கத்துலதான். அப்ப எதுக்கு நீச்சல் குளம், ஜிம்முக்கெல்லாம் சேத்து வாடகை? பழைய அபார்ட்மெண்ட் பாருங்க, இல்ல எல்ஆர்டி ரயில்ல மூணே ஸ்டாப் தள்ளி கெரிஞ்சில பாருங்க.

கணக்கு எங்க இருக்குன்னா கார்ல இருக்கு. இங்க வாடகை கம்மிதான், ஆனா வண்டி இல்லாம கடைத்தெருவுக்குப் போயி ஒரு பால் டின் வாங்க முடியாது, கார் தவணை, இன்சூரன்ஸ், பெட்ரோல்னு மாசாமாசம் உருவிக்கிட்டுப் போகும். அங்க எல்ஆர்டி, மோனோரயில், கொமூட்டர், நடந்தா எம்ஆர்டி, எல்லா ரயிலும் காலடியில. கார் வாங்காம இருந்தீங்கன்னா அந்த வாடகை தாங்கும், காரும் வேணும் பிரிக்பீல்ட்ஸும் வேணும்னா கட்டவே கட்டாது, பார்க்கிங்கும் தலைவலி. ஒண்ணு, எல்லாரும் சொல்ற அந்த 50 வெள்ளி (ரிங்கிட்) மாச பாஸ் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான், வெளிநாட்டுலேர்ந்து வந்த நமக்குக் கிடையாது, அதனால ரயில் காசத் தனியா எழுதி வைங்க.

புள்ளைக்கு நாலு வயசுங்கறீங்க, இப்போதைக்கு தனியார் பாலர் பள்ளி போதும். பெரிய கிளாஸ் வரும்போதுதான் சிக்கல், வெளிநாட்டுப் புள்ளைய அரசாங்கத் தமிழ்ப்பள்ளில நெனச்ச மாதிரி சேக்க முடியாது, அனுமதி வாங்கணும், அத இப்பவே ஹெச்ஆர்கிட்ட கேட்டு வைங்க.

வழக்கமா ரெண்டு மாச டெபாசிட், கரண்டு தண்ணிக்கு அரை மாசம், முதல் மாச வாடகை, ஆக மூணரை மாசக் காசு கையில இல்லாம வீடு பாக்கப் போகாதீங்க. அக்ரிமெண்ட் ஸ்டாம்ப் பண்ணித்தான் வாங்கணும். பகல்ல மட்டும் பாத்துட்டு ஒத்துக்காதீங்க, சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அந்த ஜன்னல்கிட்ட நில்லுங்க, தீபாவளிக்கு முந்தின வாரம்னா இன்னும் நல்லாத் தெரியும், சத்தமும் ஜாமும் எப்படினு. மச்சினன் வீட்டுல ரெண்டு நாள் தங்கிக்கிட்டுத் தேடலாம், வர்ற தேதிய மட்டும் சொல்லுங்க.